அளவுக்கு மிஞ்சிய கதிர்

இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டோ என்பதை உடலைக் கீறாமலே காட்டுகின்றது சீ.ரி. ஸ்கான் பரிசோதனை. உயிர் காக்கும் அக்கருவியை நாம் குறை கூறோம். அது பாய்ச்சும் எக்ஸ் கதிரின் அளவைப் பற்றியே பேசுகின்றோம். கதிர் கூடக் கூடப் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும், சிறிதேயாயினும், கூடும் என்பது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட கருத்து.

2017ஆம் ஆண்டில் 32 நாடுகளைச் சேர்ந்த 61 வைத்தியசாலைகளில் இப்பரிசோதனை ஆராயப்பட்டது. 2007ஆம் ஆண்டிலிருந்த கதிரளவு 78 விழுக்காடு குறைந்திருந்தது; அதனாற் படத்தின் தெளிவு கெடவுமில்லை. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும், மிகக் குறைந்த கதிர் செலுத்திய நிலையத்துக்கும் மிகக் கூடிய கதிர் செலுத்திய நிலையத்துக்கும் இடையே வேற்றுமை 37 மடங்கு என்றும் அதே ஆய்வு கூறிற்று! நோயாளி எந்த வைத்தியசாலையின் படியேறினார் என்பதா கதிரின் அளவைத் தீர்மானிப்பது?

குறைக்கும் வழிகள் யாவரும் அறிந்தவையே. மருந்து கொடுத்து இதயத் துடிப்பைத் தணித்தல், இதயம் அசைவடங்கும் கணத்தில் மட்டும் கதிரைப் பாய்ச்சுதல், மெலிந்த உடலினர்க்குக் குழாயின் மின்னழுத்தத்தைக் குறைத்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. வேண்டிய அளவுக்கு மேல் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் உண்டா?

ஆகவே, ஒவ்வொருவர்க்கும் செலுத்திய கதிரின் அளவை அவரது அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்தல் வேண்டும் என வற்புறுத்துகின்றோம். வைத்தியர் தேவையென்று கூறும் பரிசோதனைக்கு எவரும் அஞ்ச வேண்டாம், “எவ்வளவு கதிர்?” என்று கேட்கத் தயங்கவும் வேண்டாம். அறிவது நோயாளியின் உரிமை. அறிவிப்பது வைத்தியசாலையின் கடமை.