கடல் வாசலில் திரும்பும் டூர் பஸ்! தாராசுரத்தில் இருந்து பூம்புகார், தரங்கம்பாடி எட்டாக்கனியா?

தாராசுரம்:

சனி, ஞாயிறு வந்தால் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வாசலில் வேன்கள் வரிசை கட்டுகின்றன. வெளியூர்க்காரர்கள் இறங்குகிறார்கள். தேர் வடிவ மண்டபத்தின் முன்னால் நின்று செல்போனில் போட்டோ எடுக்கிறார்கள். அரை மணி நேரம்தான். வேன் கிளம்பிவிடுகிறது. அடுத்து கும்பகோணம், அதற்கு அடுத்து நவக்கிரக கோயில்கள்.

கும்பகோணத்தை தொட்டு ஓடும் காவிரி பூம்புகாரில் கடலில் கலக்கிறது. அரசலாறு காரைக்காலில் கலக்கிறது. ஆறு இரண்டும் கடல் வரை போகின்றன. டூர் வண்டிகள் மட்டும் கடல் வாசல் வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி வருகின்றன.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் கணக்கு போட்டு பார்த்தால் நஷ்டம் பெரிது என்று தெரிகிறது.

750 ரூபாய் பஸ் சொன்ன பாடம்

டெல்டாவில் ஒருநாள் டூர் என்றால் ஒரு காலத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கும், வேன் பிடிக்க கூட்டம் சேர்ப்பவர்களுக்கும்தான். வாடகை, டீசல், டிரைவர் பேட்டா என்று செலவு எகிறும். கூலி வேலைக்கு போகிறவர்கள் அந்த பக்கமே தலைவைக்க முடியாது.

2024-ம் ஆண்டு பிப்ரவரியில் அரசு போக்குவரத்துக்கழகம் கும்பகோணத்தில் இருந்து நவக்கிரக சிறப்பு பஸ் விட்டது. சனி, ஞாயிறு மட்டும். ஆளுக்கு 750 ரூபாய் கட்டணம் என்று அறிவித்தார்கள். காலை 5 மணிக்கு கிளம்பி இரவு 8 மணிக்கு திரும்புகிற மாதிரி திட்டம்.

திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என 9 கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஜனங்கள் வரவேற்றார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இத்தனை மணிக்கு பஸ், இவ்வளவு காசு, இத்தனை மணிக்கு வீடு என்று உறுதியாக சொன்னால் சாதாரண ஜனங்களும் டூர் கிளம்புவார்கள். பேரம் பேச வேண்டியதில்லை, ஏமாற வேண்டியதில்லை.

ஆனால் 15 மணி நேரத்தில் 9 கோயில். பாதி நேரம் ரோட்டில் போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் ஒரு கோயிலுக்கு 50 நிமிஷம். அதற்குள் செருப்பு விட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அர்ச்சனை செய்ய வேண்டும். பரிகாரத்துக்கு வருகிறவர்களுக்கு இது போதும். ஊரை தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு போதாது.

பக்கத்திலேயே இருக்கு, பார்க்க முடியலை

கேது கோயில் இருக்கும் கீழப்பெரும்பள்ளத்தில் இருந்து பூம்புகார் சில கிலோமீட்டர்தான். அங்கிருந்து சனி பகவான் கோயிலான திருநள்ளாறு போகும் பக்கத்தில்தான் திருக்கடையூரும் தரங்கம்பாடியும் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் போயும் பூம்புகார், தரங்கம்பாடி பெயர் அந்த 9 கோயில் பட்டியலில் இல்லை. அது நவக்கிரக பஸ்சின் குற்றமும் இல்லை. அந்த பஸ்சின் வேலை வேறு.

கேள்வி இதுதான். கோயிலுக்கு அப்படி ஒரு பஸ் என்றால், கடற்கரை ஊர்களின் வரலாற்றுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டாமா?

தாராசுரத்தில் கிளம்பி கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக பூம்புகார். அங்கிருந்து தரங்கம்பாடி. பிறகு மயிலாடுதுறை வழியாக வீடு. போக வர எல்லாம் சேர்த்து சுமார் 150 கிலோமீட்டர்தான் வரும். இரண்டே ஊர் என்பதால் ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

தஞ்சாவூரும் கடலும்

தஞ்சாவூர் என்றால் நெல்லும் கோயிலும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. தஞ்சையை ஆண்டவர்கள் எல்லாரும் கடலை பார்த்தே ஆண்டார்கள்.

முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசர் சூடாமணி விகாரம் என்ற புத்தர் கோயிலை எழுப்பினார். கடல் தாண்டி வந்தவர்களின் அந்த கோயிலுக்கு ஆனைமங்கலம் கிராமத்தையே ராஜராஜன் எழுதிக்கொடுத்தான்.

தாராசுரம் கோயிலை 12-ம் நூற்றாண்டில் கட்டியவன் இரண்டாம் ராஜராஜன். அது 2004-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய சின்னங்களில் சேர்ந்தது. தஞ்சை பெரிய கோயில் அதற்கு முன்பே 1987-ல் சேர்ந்துவிட்டது.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டுக்காரர்களுக்கு தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை இன்றும் கடல் ஓரத்தில் நிற்கிறது. 1845-ல் வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஊரை விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள்.

1706-ல் அதே ஊரில் வந்து இறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டை தமிழில் அச்சடித்தார். 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் கோட்டைக்கு பக்கத்திலேயே இருக்கிறது. அதே கடற்கரையில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதில் ஒரு பகுதியை கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது.

நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவை கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். இந்து அரசர், முஸ்லிம் தர்கா. டெல்டாவில் அது அப்போதே சகஜம்.

இதையெல்லாம் ஒரே சரடாக கோர்த்து சொன்னால்தான் தாராசுரம் கோயிலுக்கே அர்த்தம் கூடும். தனித்தனியாக பார்த்தால் இது ஒரு கோயில், அது ஒரு கோட்டை. அவ்வளவுதான்.

மதியம் 12 மணி சிக்கல்

டெல்டா டூரில் எல்லாருக்கும் வரும் தலைவலி மதியம்தான். பெரும்பாலான கோயில்களில் 12 மணி, 12½ மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க 4 மணி ஆகும். அந்த நேரத்தில் குழந்தை குட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதை எந்த கோயில் வாசலிலும் பார்க்கலாம்.

கடற்கரை ஊர் டூருக்கு இந்த சிக்கல் இல்லை. கோயில் மூடுகிற நேரத்தில்தான் கோட்டையும் அருங்காட்சியகமும் திறந்திருக்கும்.

காலை வெயிலுக்கு முன்னால் தாராசுரம் கோயில். 10 மணி வாக்கில் பூம்புகார். அங்கே 1973-ல் கட்டிய சிலப்பதிகார கலைக்கூடம், 7 நிலை மாடம், கண்ணகி கதையை சொல்லும் கல் சிற்பங்கள். மதியம் தரங்கம்பாடி. சாப்பாடு முடித்து கோட்டைக்குள் நிழலில் நடக்கலாம். சாயங்காலம் கடற்கரை காற்று. 8 மணிக்கு வீடு. கணக்கு சரியாக வருகிறது.

கிளம்பும் முன் கலைக்கூடம், கோட்டை எந்த நாளில் திறப்பு என்று ஒரு போன் போட்டு கேட்டுக்கொள்வது நல்லது. சீரமைப்பு வேலை, வார விடுமுறை என்று சில நாள் மூடியிருக்கும். பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் குளிக்க இறங்கவே கூடாது. ஆழமும் இழுப்பும் தெரியாது.

கைடு இல்லாட்டி கல்லுதான்

தாராசுரத்தில் ஒரே தலையில் காளையும் யானையும் தெரியும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை. 63 நாயன்மார் கதைகள் சின்ன சின்ன சிற்பங்களாக கருவறை சுவரின் கீழே ஓடுகின்றன. தட்டினால் நாதம் வரும் படிக்கட்டை கம்பி போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். சொல்ல ஆள் இல்லாவிட்டால் இத்தனையும் தாண்டி போய்விடுவோம். வெறும் கல்லாகத்தான் தெரியும்.

சொல்கிறவர்களும் சரியாக சொல்ல வேண்டும். பூம்புகார் கடலுக்குள் பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய நகரம் இருக்கிறது என்று அடித்து விடுகிறவர்கள் உண்டு. அதற்கு தொல்லியல் சான்று கிடையாது. ஆனால் 1960-களில் பக்கத்து கீழையூரில் தோண்டியபோது செங்கல்லில் கட்டிய பழைய படகுத்துறை கிடைத்தது. கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தைய காலத்தது அது. பூம்புகாரில் புத்த விகாரமும் கிடைத்தது. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

பஸ்சில் தமிழ் பேசும் கைடு ஒருவர் போதும். பிளஸ்-2, டிகிரி முடித்து வேலை இல்லாமல் இருக்கும் உள்ளூர் பிள்ளைகளுக்கு பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்தால் அவர்களுக்கும் பிழைப்பு ஆகும்.

காசு யார் கைக்கு போகிறது?

வேன் டூரில் எந்த கடையில் நிறுத்துவது என்பது டிரைவர் கையில். சாப்பாட்டு கடை, பட்டு சேலை கடை எல்லாவற்றிலும் கமிஷன் பேச்சு உண்டு. தாராசுரத்தில் தறி போட்டு பட்டு நெய்கிறவர்கள் வீட்டு வாசல் வரை அந்த கூட்டம் வருவதே அபூர்வம்.

நேரம் ஒதுக்கி போகும் பஸ் என்றால் நிலைமை மாறும். தாராசுரத்தில் தறி ஓடுவதை அரை மணி நேரம் பார்க்கலாம். பூம்புகாரில் சுண்டல், மாங்காய் விற்கிற அம்மாவுக்கு வியாபாரம். தரங்கம்பாடியில் மீன் வறுத்து விற்கிற வீட்டுக்கு நாலு காசு.

இது சின்ன விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. படகும் வலையும் போன குடும்பங்கள் எத்தனையோ. கடலை மட்டுமே நம்பி இருக்கும் வீட்டில் இரண்டாவது வருமானம் என்பது, கடலுக்கு போக முடியாத நாளில் அடுப்பு எரிவதற்கு உதவும்.

யார் பொறுப்பு?

சிக்கலின் வேர் இங்கேதான். தாராசுரம் கோயிலை பராமரிப்பது மத்திய தொல்லியல் துறை. தரங்கம்பாடி கோட்டை மாநில தொல்லியல் துறையிடம். பூம்புகார் கலைக்கூடம் சுற்றுலாத்துறையிடம். பஸ் போக்குவரத்துக்கழகத்திடம். தாராசுரம் தஞ்சாவூர் மாவட்டம். பூம்புகாரும் தரங்கம்பாடியும் 2020-ல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டம். பக்கத்து காரைக்கால் புதுச்சேரி.

1991 வரை காரைக்கால் தவிர இதெல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. இன்று ஒரு நாள் டூருக்கு இத்தனை ஆபீஸ் கதவை தட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு கையில் இருப்பதால், முழுசாக பார்க்கிறவர்கள் யாரும் இல்லை.

ரயிலும் கை கொடுக்கவில்லை. மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் ரயில் ஓடியது. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அது ஓடியிருந்தால் தாராசுரம் ஸ்டேஷனில் ஏறி, மயிலாடுதுறையில் மாறி, கடல் ஓரத்தில் இறங்கிவிடலாம். இப்போது பஸ்தான் கதி.

2028 வருகிறது

கும்பகோணத்தில் 2016-ல் மகாமகம் நடந்தது. அடுத்த மகாமகம் 2028-ல். லட்சக்கணக்கான ஜனங்கள் வருவார்கள். குளத்தில் முழுக்கு போட்டு, கோயில் பார்த்து, அப்படியே திரும்பி போவார்களா? அல்லது ஒரு நாள் கூட தங்கி கடற்கரை ஊர்களையும் பார்ப்பார்களா? ஒரு நாள் கூட தங்கினால் லாட்ஜ், ஓட்டல், ஆட்டோ, பூக்கடை, தறிக்காரர், மீனவர் என்று எல்லார் கைக்கும் காசு புரளும்.

தாராசுரம் 2021-ல் கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆகவே திட்டம் போடவும் வசதி. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கோயில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, ரோடு இருக்கிறது, பஸ்சும் இருக்கிறது. வார கடைசியில் ஒரு வண்டி, தமிழில் ஒரு கைடு, சாதாரண ஜனங்கள் தாங்குகிற கட்டணம், இறங்கும் இடத்தில் சுத்தமான கழிவறை. இவை இருந்தால் போதும்.

அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும். மகாமகத்துக்கு முன்பே சில மாதம் ஓட்டி பார்த்தால்தான் குறை நிறை தெரியும். கூட்டம் வந்த பிறகு யோசித்தால், 12 வருஷத்துக்கு ஒருமுறை வரும் வாய்ப்பும் அரை மணி நேர போட்டோவோடு போய்விடும்.