பழைய காருக்கு 95 பெற்றோல்: கூடுதல் விலைக்குக் கூடுதல் ஓட்டம் கிடைக்குமா?

எரிபொருள் நிரப்பு நிலையங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “95 அடிச்சுப் பாருங்கோ, எஞ்சின் நல்லா இழுக்கும்.” சொல்பவர் பெரும்பாலும் இருபது, முப்பது வருடப் பழைய ஜப்பான் கார் ஒன்றையோ ஹயர் ஓடும் வான் ஒன்றையோ வைத்திருப்பவராக இருப்பார். அந்த வண்டியில்தான் அவருடைய வீட்டு அடுப்பு எரிகிறது. அதனால் வண்டிக்கு நல்லது என்று யாராவது சொன்னால், சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாவது அதைச் செய்கிறார்.

ஆனால் 92இற்கும் 95இற்கும் இடையில் உள்ள விலை வித்தியாசம் சிறிய தொகை அல்ல. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும், 95 ஒக்டேன் 550 ரூபாவுக்கும் விற்கப்பட்டது. லீற்றருக்கு 80 ரூபா அதிகம். மாதம் 100 லீற்றர் அடிக்கும் ஒருவருக்கு அது 8,000 ரூபா. இந்த இடைவெளி விலைத் திருத்தங்களோடு கூடிக் குறைகிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு வண்டி எதைத் திருப்பித் தருகிறது?

முதலில் ஒக்டேன் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். அது பெற்றோலின் சக்தியை அளக்கும் எண் அல்ல. 95இல் 92ஐ விட அதிக சக்தி அடங்கியிருக்கிறது என்பது தவறான எண்ணம். இரண்டையும் எரித்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து அமுக்கப்படும்போது, பிளக் பொறி தட்டித் தொடங்கும் எரிதல் ஒழுங்காகப் பரவ வேண்டும். அமுக்கமும் சூடும் அளவுக்கு மீறினால், சுவாலை வந்து சேருமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். ஏற்றத்தில் அல்லது பாரத்தோடு இழுக்கும்போது எஞ்சினில் கேட்கும் அந்த ‘டிக் டிக்’ சத்தம் அதுதான். அப்படித் தானாக வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதையே ஒக்டேன் எண் சொல்கிறது.

ஆகவே அதிக அமுக்கத்தில் வேலை செய்யும் எஞ்சினுக்கே அதிக ஒக்டேன் தேவை. குறைந்த அமுக்க எஞ்சினில் 92 ஏற்கெனவே தாக்குப்பிடிக்கிறது. அதற்குள் 95ஐ ஊற்றினால் அந்த மேலதிகத் தாங்குசக்தி பயன்படாமலே எரிந்துபோகும்.

இது வடக்கில் வாழ்ந்தவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விடயம் அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியது. ஒரு போத்தல் பெற்றோல் பொக்கிஷமாக இருந்த காலம் அது. ஆனாலும் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும் இடம்பெயர்ந்த சனங்களின் மூட்டைகளை ஏற்றியதும் அப்படி ஓடிய வாகனங்கள்தான்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு பெற்றோலுக்குக் கிட்டவும் வராது. பிறகு எப்படி ஓடின? அந்தப் பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் மிகக் குறைவு. ஒஸ்ரின் ஏ40இல் அது ஏறத்தாழ 7இற்கு 1 மட்டுமே. தரம் குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொள்ளும் எஞ்சின் அது. அதற்கும் விலை இருந்தது. புகை வந்தது, பிளக் கரி பிடித்தது, எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கியது. ஆனாலும் ஒன்றை எங்கள் மெக்கானிக்குகள் நடைமுறையில் காட்டினார்கள்: எந்த எரிபொருள் போதும் என்பதை எஞ்சினின் அமைப்பே தீர்மானிக்கிறது.

இன்று வீதியில் ஓடும் பழைய வாகனங்களுக்கும் இதே கணக்குத்தான். இங்குள்ள கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் பாவிக்கப்பட்டு வந்தவை. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கான தரம் ஆகக்குறைந்தது 89 ஒக்டேன். உயர்தரப் பெற்றோலுக்கு 96. அங்கே சாதாரண பெற்றோலில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட கொரோலாவுக்கோ சனிக்கோ இங்குள்ள 92 போதுமானது மட்டுமல்ல, ஒரு படி மேலானதும்கூட. இந்தியாவில் சாதாரண பெற்றோலின் தரம் நீண்டகாலம் 91 ஆக இருந்தது. அங்கிருந்து வந்த சிறிய கார்களும் முச்சக்கரவண்டிகளும் அதற்கேற்பச் செய்யப்பட்டவை.

“அமெரிக்காவில் எல்லாம் பிரீமியம்தான் அடிக்கிறார்கள்” என்று சிலர் சொல்வதுண்டு. அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ 2016இல் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட வாகனங்களில் பிரீமியம் பாவித்தபோது இழுவையிலோ எரிபொருள் சிக்கனத்திலோ புகையின் அளவிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை என்பதே முடிவு. ஒரு வருடத்தில் அமெரிக்கர்கள் இப்படித் தேவையின்றிச் செலவழித்த தொகை 210 கோடி டொலருக்கும் அதிகம் என்று அச்சங்கம் கணக்கிட்டது. அங்கே சாதாரண பெற்றோலில் 87 என்று போட்டிருப்பது வேறு அளவீட்டு முறையால். எங்கள் அளவீட்டில் அது ஏறத்தாழ 91, 92தான்.

விதிவிலக்குகளும் உண்டு. ஐரோப்பாவில் சாதாரண பெற்றோலே 95 என்பதால், அங்கு செய்யப்பட்ட கார்கள் பலவற்றுக்கு 95 தேவை. டர்போ பொருத்திய எஞ்சின்களுக்கும் அமுக்க விகிதம் கூடிய புதிய எஞ்சின்களுக்கும் கைநூல் 95 கேட்டால் அதைத்தான் அடிக்க வேண்டும். புதிய கார்களில் அந்த வெடிப்பை உணரும் கருவி இருக்கிறது. அது பொறி தட்டும் நேரத்தைத் தானே மாற்றி, நல்ல பெற்றோலில் சிறிது பயன் எடுக்கக்கூடும். காபரேற்றர் காலத்துப் பழைய கார்களில் பொதுவாக அந்த வசதி இல்லை. பொறி நேரத்தை ஒரு மனிதன் கையால் வைத்தால்தான் உண்டு.

பழைய எஞ்சினில் சத்தம் கேட்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். உள்ளே கரி படிந்து அமுக்கம் கூடியிருக்கலாம். ரேடியேற்றர் அடைபட்டுச் சூடு ஏறியிருக்கலாம். பொறி நேரம் பிசகியிருக்கலாம். அப்போது 95 அடித்தால் சத்தம் குறையும். வண்டி சுகமாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விடுவது போன்றது. ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு மிகப் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கை தேய்கிறது என்ற கவலைக்கும் 95 தீர்வல்ல. ஈயம் செய்த வேலையை ஒக்டேன் எண் செய்யாது.

இன்னொரு காரணம் கலப்படம். 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. பின்னர் ஒரே நாளில் 340 ரூபாவானது. அந்தச் சுமை வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்குப் போகும் எங்கள் மீனவர்கள் மீது இறங்கியது. மலிவான மண்ணெண்ணெய்க்கும் விலை கூடிய பெற்றோலுக்கும் இடையில் இடைவெளி விரியும்போதெல்லாம் கலப்படத்துக்கான ஆசையும் கூடும். கலந்த பெற்றோலின் ஒக்டேன் இறங்கி எஞ்சின் சத்தம் போடும். ‘92 சரியில்லை, 95 நல்லது’ என்ற அனுபவம் சிலருக்கு இப்படியும் கிடைத்திருக்கலாம். அங்கே பிரச்சினை தரக் கண்காணிப்பு. அதற்கான தண்டத்தை வாடிக்கையாளர் தன் பையிலிருந்து கட்டவேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளை வடிதாளில் சில துளிகள் விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் ஆவியாகிப் போகும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். அது முடிவான ஆதாரம் அல்ல. ஆனால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடத் தொடங்க அது போதும்.

நம்பாதவர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம். தாங்கியை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது என்று எழுதுங்கள். மூன்று முறை 92, மூன்று முறை 95, அதே வழி, அதே பாரம். 470இற்கும் 550இற்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டுமானால் வண்டி 17 வீதம் கூடுதலாக ஓடவேண்டும். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் 14 ஓட வேண்டும். சாதாரண பழைய கார் எதுவும் ஒக்டேனை மாற்றியதால் மட்டும் அப்படி ஓடாது.

அதே பணத்தில் பிளக் மாற்றலாம், காற்று வடிகட்டியைப் புதிதாகப் போடலாம், காபரேற்றரைக் கழுவி ரியூன் பண்ணலாம், ரயர் காற்றைச் சரிபார்க்கலாம். இவை கவனிக்கப்படாத வண்டியில் வித்தியாசம் கையிலேயே தெரியும். இத்தனையும் செய்த பிறகும் 92இல் எஞ்சின் சத்தம் போட்டால் மட்டும் 95ஐ யோசியுங்கள்.

தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். கிடைக்காத பொருள் உயர்ந்தது, விலை கூடியது நல்லது என்ற நம்பிக்கை எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணெண்ணெயிலும் ஒரு காரை ஓட வைத்த கைகள் இன்னும் எங்கள் ஊர்க் கராஜ்களில் இருக்கின்றன. எரிபொருள் நிலையத்தில் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் காசை முதலில் அந்தக் கைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.