சாடி மிளகாய்க்கு வயல் வழக்கம் ஆகாது

நெல்வயலில் நீர் நிறைந்து நின்றாற் கமக்காரரின் மனமும் நிறையும். அந்த நிறைவை முற்றத்துச் சாடியிலும் தேடுவதாலேயே வீட்டு மிளகாய்ச் செடிகள் பல காய்க்குமுன் பட்டுப்போகின்றன. அவற்றுட் பல அழிவது கவனக்குறைவாலன்று. அளவு மீறிய கவனத்தாலேயாம்.

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் வழிகள் உள. மிளகாய்க்கு அவ்வமைப்பு இல்லை. அதன் வேர் மண்ணின் இடைவெளிகளிலுள்ள காற்றையே சுவாசிக்கும். அங்கே நீர் நிரம்பி நின்றால் வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவோர் செடியின் முடிவை விரைவாக்குகின்றனர்.

ஆதலின், நீர் ஊற்றுமுன் விரலை ஓரங்குலம் மண்ணிற் புதைத்துப் பார்த்தல் வேண்டும். ஈரம் தட்டுப்படின் அன்று நீர் வேண்டியதில்லை. உலர்ந்திருப்பின், அடித்துளையால் வடியும்வரை காலையில் ஊற்றுதல் நன்று. மண் முற்றாகக் காயவும் விடலாகாது. விட்டாற் பூ உதிரும். நண்பகலில் வாடி மாலையில் நிமிரும் செடியைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மண் ஈரமாயிருந்தும் காலையிலேயே செடி வாடியிருப்பின், துளை அடைபட்டுள்ளதா என ஆராய்தல் வேண்டும்.

வயலின் களிமண்ணைச் சாடியில் நிரப்புவதும் தவறு. ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமுள்ள சாடியில் மேல்மண்ணையும் மக்கிய கூட்டெருவையும் சம அளவிற் கலந்து, சிறிது மணலோ கருக்கிய உமியோ சேர்த்தல் சிறந்தது.

பசளைக்கும் இதுவே நியதி. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அதைக் கைப்பிடியாய் இட்டால் வேர் கருகும்; செடி தப்பினாலும் இலை செழித்துப் பூக் குறையும்; இளந்தளிரைச் சாறுறிஞ்சும் பூச்சிகள் நாடும். மூன்று வாரத்துக்கொருமுறை இரு கைப்பிடி கூட்டெருவும், தேவைப்படின் தேக்கரண்டியிற் காற்பங்கு யூரியாவும், தண்டிலிருந்து விலக்கி ஈரமண்ணில் இடுதல் போதும். பசளையின் அருமையை 2021 ஆம் ஆண்டின் இறக்குமதித் தடை எல்லோருக்கும் உணர்த்திற்று. அதனை வீணாக்குதல் தகாது.

இலை சுருண்டவுடன் தோட்டத்து நஞ்சைத் தெளிப்போரும் உளர். அடுக்களை வாயிலிற் பறித்து அன்றே கறிக்கிடும் காய்க்கு அது பொருந்துமா? முதலில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். மேனோக்கிச் சுருளின் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருளின் பெரும்பாலும் சிற்றுண்ணி. தாக்குண்ட நுனிகளை உடன் கிள்ளி அழித்தாற் பரவல் குறையும்.

வயலும் தோட்டமும் உடையவருக்குச் சாடி எதற்கு எனச் சிலர் வினவலாம். பெருமழையில் தோட்டத்து மிளகாய் அழுகிச் சந்தையில் விலை ஏறும் காலத்தில், தாழ்வாரத்துக்கு நகர்த்தக்கூடிய செடி சாடியிலுள்ளதே. ஐந்தாறு சாடிகள் ஒரு குடும்பத்தின் மிளகாய்ச் செலவைக் குறைக்கும். அவை கேட்பது வாளி நிறைந்த நீரையன்று. நாள்தோறும் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் ஒரு விரலையே.