முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம்?

கல்லாப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நமது வியாபாரிகளுக்கு நித்திரையிலும் தெரியும். முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்டால்தான் பலர் யோசிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரியில் அதிகாலை 3 மணிக்கு ஒரு பையனின் கை போறணையில் பட்டு வெந்துவிட்டது. முதலுதவிப் பெட்டி அங்கே இருந்தது. ஆனால் அது லாச்சிக்குள் பூட்டப்பட்டிருந்தது. சாவியை வைத்திருந்தவர், அங்கே முதலுதவி பழகியிருந்த ஒரேயொரு மேற்பார்வையாளர். அவர் வீட்டில் நித்திரை. கூட இருந்தவர்கள் பதறிப்போய்ப் பற்பசை பூசினார்கள். உண்மையில் செய்திருக்க வேண்டியது, ஓடும் குளிர்ந்த நீரில் கையை 20 நிமிடங்கள் பிடிப்பதுதான். அதற்குப் பெட்டிகூடத் தேவையில்லை. விடயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதலுதவிப் பெட்டியை இலகுவில் எடுக்கக்கூடிய இடத்தில் வைக்கச் சொல்கிறது. அதற்குப் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "அது பெரிய ஆடைத் தொழிற்சாலைகளுக்கு உரிய சட்டம்" என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஆட்களை வேலைக்கு வைத்துப் பொருட்களைச் செய்யும், திருத்தும் சிறிய பட்டறைகளையும் அந்தச் சட்டம் தொடுகிறது.

"எனது கடையில் நான்கு பேர்தானே" என்பார் இன்னொருவர். ஏணியிலிருந்து விழுவதற்கும் மின்சாரம் தாக்குவதற்கும் ஒருவர் போதும். வேலையின்போது வேலை காரணமாக விபத்து நேர்ந்தால் நட்டஈடு வழங்கும் பொறுப்பை 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளிமீது சுமத்தியிருக்கிறது. முதல் பத்து நிமிடங்களில் சரியாகக் கவனித்தால் சிறிதாக முடியும் காயம், கவனிக்காவிட்டால் மாதக்கணக்கில் ஆளையும் முடக்கும், பணத்தையும் தின்னும்.

எனவே ஒருவரை மட்டும் பழக்கிவிட்டு நிம்மதியாக இருப்பது போதாது. அவர் லீவில் போனால் யார்? எல்லோரும் ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் கடையில் நிற்பவருக்கு என்ன தெரியும்? பெருநாள் காலத்தில் நள்ளிரவு வரை கடை திறந்திருக்கும்போது, களைத்துப்போன பையன்களுடன் இருப்பது யார்? ஒவ்வொரு வேலை முறைக்கும் குறைந்தது ஒருவர், அவருக்குப் பதிலாக இன்னொருவர் என்று கணக்கிட வேண்டும்.

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்பியூலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. பயிற்சி பெற்றவர்களின் பெயர்களையும் 1990 என்ற இலவச அம்பியூலன்ஸ் இலக்கத்தையும் சுவரில் ஒட்டுங்கள். பெட்டியில் குறைந்ததை மாதம் ஒருமுறை நிரப்புங்கள்.

ஸ்டொக் எடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். அடுத்த முறை எடுக்கும்போது முதலுதவிப் பெட்டியையும் சேர்த்து எண்ணுவோம். முதலில் அதன் பூட்டைக் கழற்றி எறிவோம்.