நம் எழுத்துக்கு நம் இல்லம்

நம் எழுத்தைப் பிறர் கணினியிற் குடிவைத்தல் வாடகை மனையில் வாழ்தலை ஒக்கும். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் யாஹூ நிறுவனத்தார் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸை மூடியபோது, அதன்கண் அன்பர்கள் அமைத்திருந்த தனிப்பக்கங்களுள் பிறர் படியெடுத்து வைத்தவையே எஞ்சின. ஆதலின், மாணவர் தம் வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் தரவுத்தளம் நிறுவி, தம் பக்கத்தைத் தாமே உலகுக்கு வழங்கப் பழகுதல் வேண்டுமெனக் கருதுகின்றோம். கற்பார்க்கு இதனினும் சிறந்த ஆய்வுக்கூடம் யாது?

ஆயினும் காவல் வேண்டும். பக்கத்தை வழங்கும் 443-ஆம் வாயில் மட்டும் திறந்திருக்கட்டும்; மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 3306-ஆம் வாயில் வெளியார்க்கு அடைபட்டே இருக்கட்டும்.

பிறிதொன்றைக் குரங்கணி கற்பிக்கின்றது. முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை புகைவண்டியில் டாப் ஸ்டேஷன் சேர்ந்து, கம்பிவடத்தில் குரங்கணிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அப்புகைவண்டிப் பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. வீட்டுக் கணினியும் ஓரிடத்துப் பொருளே. மின்தடையும் இடியும் அதனை விடா. ஆகலின் நாடோறும் தரவுகளைப் படியெடுத்து, ஒரு படியை வேற்றூர் நண்பரிடம் வைத்தல் கடனாம். இல்லம் நமதாயின், அதனைக் காக்கும் பொறுப்பும் நமதே.