நான்கு அங்குலம் போதும்

பழைய மோட்டோகிராஸ் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது இரண்டு பிறந்த ஆண்டுகளை எழுத வேண்டும். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று அதை ஓட்டுகிறவருக்கு. என் வண்டி 1971. அதைவிட நான் ஒன்பது வயது மூத்தவன். தாளை வாங்கிக்கொண்ட பரிசோதகர் குனிந்து வண்டியை மட்டும்தான் பார்ப்பார். ஸ்போக் தளர்ந்திருக்கிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா, வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். என் முட்டியில் இருக்கும் ஆட்டத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் குடியிருக்கும் இங்கிலாந்தில் இந்தப் பந்தயங்கள் பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தில்தான் நடக்கின்றன. தனியாகத் திட்ட அனுமதி வாங்காமலே ஒரு நிலத்தில் ஆண்டுக்கு 14 நாள் வரை மோட்டார் பந்தயம் நடத்திக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. முதல் நாள் ஆடுகளை அடுத்த வயலுக்கு ஓட்டிவிட்டு, குச்சி நட்டுக் கயிறு கட்டினால் மறுநாள் அதுதான் திடல். வண்டிகளுக்கு 1965க்கு முந்தியவை, 1974க்கு முந்தியவை, அதற்கப்புறம் வந்த இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டிகள் என்று பிரிவுகள் உண்டு. ஓட்டுகிறவர்களையும் 40, 50, 60, 70 தாண்டியவர்கள் என்று பிரிப்பார்கள். எழுபது தாண்டியவர்கள் என்றால் கையசைத்துக்கொண்டே போகும் ஊர்வலம் என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்கக் கோட்டை மறித்துக் கட்டிய ரப்பர் கயிறு சட்டென்று விலகியதும், முதல் வளைவுக்குள் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை போனில் கேட்கிறாள்: "ஏண்ணா, மாடிப்படி ஏறுனா முட்டி வலிக்குதுன்னு போன வாரந்தான சொன்னீங்க?" நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொல்லும் பதில் அவளுக்கு அலுப்பூட்டும், ஏனென்றால் அது ஷாக் அப்சார்பரைப் பற்றியது.

என் வண்டியின் பின்சக்கரம் மேடு பள்ளத்தில் மேலும் கீழும் சுமார் நான்கு அங்குலம்தான் அசையும். முன்சக்கரம் ஏழு. அமெரிக்காவில் பழைய வண்டிப் பந்தயங்களை நடத்தும் ஆர்மா அமைப்பு, தன் விண்டேஜ் பிரிவுக்கான விதியிலேயே இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறது. பின்னால் நான்கு, முன்னால் ஏழு, அதற்கு மேல் கூடாது. இன்றைய மோட்டோகிராஸ் வண்டியில் இரண்டு பக்கமும் பன்னிரண்டு அங்குலத்தை ஒட்டி அசைவு உண்டு. இந்த மாற்றம் 1970களின் நடுவில் சில ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்துவிட்டது. பெல்ஜியத்துக்காரரான லூசியன் டில்கென்ஸ், பின்னால் இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு நீண்ட ஷாக் அப்சார்பரை இருக்கைக்கு அடியில் படுக்க வைத்துப் பார்த்தார். யமஹா அந்த யோசனையை வாங்கிக்கொண்டது. 1973இல் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் அப்படிப்பட்ட வண்டியில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். மற்ற கம்பெனிகள் பதறிப்போய்த் தங்கள் ஷாக் அப்சார்பர்களை முன்னால் நகர்த்தியும் சாய்த்தும் சக்கரத்துக்குக் கூடுதல் அசைவைத் தேடின. அதற்கு முந்தைய ஆண்டு வரை பந்தயம் வென்றுகொண்டிருந்த வண்டிகள் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1972இல் லாஸ் ஏஞ்சலீஸ் கொலீசியம் ஸ்டேடியத்துக்குள் மண்ணைக் கொட்டி மேடுகள் கட்டி மோட்டோகிராஸ் பந்தயம் நடத்தினார்கள். வென்றவர் மார்ட்டி டிரைப்ஸ், வயது பதினாறு. காலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வண்டி வானத்தில் பறப்பது தெரிய வேண்டும், அதனால் மேடுகள் உயர்ந்தன. அந்த உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கப் பன்னிரண்டு அங்குலம் வந்துவிட்டது. தாங்குகிறதே என்று மேட்டை இன்னும் உயர்த்தினார்கள். வண்டி மெத்தென்று ஆக ஆக, அதிலிருந்து விழுகிறவனுக்கு அடி பலமாயிற்று. இது என் சொந்தக் கருத்து. இளைஞர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் எலும்பு பச்சையெலும்பு.

நான்கு அங்குல வண்டியில் ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் ஏறி வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பத்தடி உயரம் பறக்க முடியாது, பறக்க ஆசையும் வராது. தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலே இறங்கும்போது என்ன காத்திருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். கால்மிதியில் நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். மீதமுள்ள சஸ்பென்ஷன் முழங்கால்தான். வேகத்துக்கு வண்டியே ஒரு வரம்பு போட்டுவிடுவதால் அறுபது தாண்டியவனும் அந்த வரம்புக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். புதிய வண்டியின் வரம்பு எங்கே இருக்கிறது என்று தேடிப்போனால் நான் ஆம்புலன்ஸில்தான் திரும்புவேன்.

என்னுடையது செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்ட்ராகோனிட்சேயில் செய்த சி.இசட். 250. ஜாவாவும் சி.இசட்.டும் அண்ணன் தம்பிகள். அந்த ஜாவாதான் 1961 முதல் மைசூரில் உற்பத்தியாகி, பிறகு யெஸ்டி என்ற பெயரில் 1996 வரை வெளிவந்து நம் தெருக்களில் ஓடியது. இடது காலால் கிக்கரை உதைத்துப் பழகிய தமிழனுக்கு சி.இசட். அந்நியமில்லை. இங்குள்ள பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலது காலில் இருக்கும், நம்மூர் பழைய புல்லட் போல. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் கியர் என்று நினைத்து பிரேக்கை மிதிப்பார்கள். அந்த வேடிக்கையை அவர்களுக்குப் பின்னால் நெருங்கி வரும்போது ரசிக்க முடியாது.

டூ-ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். இங்கே ஒரு கூட்டம் இன்றும் ஆமணக்கெண்ணெயில் செய்த பந்தய எண்ணெயைத்தான் ஊற்றும். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது என்பது அதன் பெருமை. குளிரில் பெட்ரோலை விட்டுப் பிரிந்துவிடும், எஞ்சினுக்குள் பிசினாகப் படியும் என்பதெல்லாம் அதன் சிறுமை. எனக்கு நவீன செயற்கை எண்ணெய்தான் சரி. ஆனால் புகை வாசனைக்காகவே ஆமணக்கெண்ணெயை ஊற்றுகிறோம் என்று கண்மூடி முகர்கிற வெள்ளைக்காரர்களைப் பார்க்கும்போது, அம்மா மூக்கைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றிய சனிக்கிழமைக் காலைகள் இவர்களுக்கு வாய்க்கவில்லையே என்று தோன்றும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். தூரத்துப் பள்ளம் எனக்கு இன்னும் நன்றாகவே தெரிகிறது. கார்புரேட்டர் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்தான் தெரியவில்லை, அதற்குக் கண்ணாடி வேண்டும். மூன்றாவது சுற்றில் முன்னங்கைத் தசைகள் ரத்தம் கட்டிப் புடைத்து, கிளட்சை இழுக்க விரல்கள் மறுத்துவிடும். இது இளைஞர்களுக்கும் வரும். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதுதான் அதைக் கிளப்பிவிடுகிறது. முட்டியால் பெட்ரோல் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்தி ஓட்டக் கற்றவர்களுக்கு வயதானாலும் அந்தத் தொல்லை குறைவு. விழாமல் இருப்பதும் ஒரு திறமை என்று இருபது வயதில் யாரும் மதிப்பதில்லை. அறுபதில் உடைந்த காறை எலும்பு சேர எடுத்துக்கொள்ளும் நேரம் அதை மதிக்க வைக்கும்.

ஜெஃப் ஸ்மித்தின் கதை எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் லங்காஷயரில் 1934இல் பிறந்தவர். பி.எஸ்.ஏ. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் 1964லும் 1965லும் 500 சிசி உலகப் பட்டம் வென்றார். எதிரிகளின் வண்டிகள் பலசாலிகள், இவர் வண்டி எடை குறைவு. எடையை இன்னும் குறைக்கிறேன் என்று 1966இல் கம்பெனி டைட்டானியத்தில் சட்டகம் செய்து கையைச் சுட்டுக்கொண்டது. அந்த உலோகத்தைப் பந்தய மைதானத்தில் வைத்துப் பற்றவைக்க முடியாது. அந்த ஆண்டு பட்டம் டூ-ஸ்ட்ரோக் சி.இசட். ஓட்டிய கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸுக்குப் போனது. ஃபோர்-ஸ்ட்ரோக் மறுபடி அந்தப் பட்டத்தைத் தொட 1993 ஆயிற்று. ஸ்மித் கடல் தாண்டிப் போய் கனடாவின் கேன்-ஆம் கம்பெனிக்கு மோட்டோகிராஸ் வண்டி உருவாக்கினார். 1974இல் அமெரிக்க 250 சிசி போட்டியில் முதல் மூன்று இடங்களும் கேன்-ஆமுக்கே. எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. அவர் ஆர்மாவின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார், சும்மா நாற்காலியில் உட்காராமல் பழைய வண்டிப் பந்தயங்களில் தானும் ஓட்டினார். உலகப் பட்டம் வென்ற மனிதர் வார இறுதியில் மேய்ச்சல் நிலத்தில் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்மித் உடற்பயிற்சிக்குப் பேர்போனவர். பெல்ஜியத்தின் ஜோயல் ரொபேர் அதற்கு நேர் எதிர், பந்தயத்துக்கு முன் சிகரெட்டோடு நிற்பவர். இருபது வயதில் சி.இசட். ஓட்டி உலகப் பட்டம் பெற்று, மொத்தம் ஆறு பட்டங்கள் சேர்த்தார். இயற்கையின் கொடை என்றால் அதுதான். ஆனால் அறுபது வயதுக்காரன் பின்பற்ற வேண்டியது ரொபேரை அல்ல.

இந்த உலகிலும் அற்பத்தனங்கள் உண்டு. பழைய ஃபோர்க் குழாய்க்குள் நவீன உள்பாகங்களைச் செருகிக்கொண்டு, வெளியே துரு போலப் பூச்சு அடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு நாடாவோடு பரிசோதகர் வந்தால் கழிப்பறைக்குப் போயிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, சேறு பட்டால் அழுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அருங்காட்சியகம்தான் சரியான இடம். விலையும் ஏறிவிட்டது. ஒரு காலத்தில் பழைய இரும்புக்கு எடைபோட்ட வண்டிகளை இன்று வாங்க வீட்டில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கிறது. என் மனைவி வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: கழுத்துக் காப்பு இல்லாமல் வண்டி வேனில் ஏறக் கூடாது.

எங்கள் வண்டிப் பிரிவில் எழுபத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். இடுப்பு மூட்டு மாற்று அறுவை ஆனவர். டாக்டர் ஓடக் கூடாது என்றுதான் சொன்னாராம், ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லையாம். நேர்பாதையில் நான் அவரைவிட வேகம். ஆனால் உழவர் சால் பிடிப்பது போல ஒரே கோட்டில் போய், வளைவுகளில் ஒவ்வொரு முறையும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். போன பந்தயம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, எங்கேதான் என்னை முந்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்த இறக்கத்துல நீ பிரேக் பிடிக்கிறே," என்றார். "நனைஞ்ச டிரம் பிரேக் நிக்கும்னு யாராவது நம்புவாங்களா? மேலேயே கியரைக் குறைச்சுட்டு, வண்டியை அதும்பாட்டுக்கு விட்டுடு."

அடுத்த பந்தயம் முழுக்க மேட்டு நிலம். இறக்கத்தில் அவர் சொன்னபடி செய்யப் போகிறேன். ஏற்றத்துக்காகப் பின்சக்கரத்தில் இரண்டு பல் கூடுதலான ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.