பாலிசிலிக்கான் ஆலைகளும் குளோரோசிலேன் கழிவும்: எங்கள் நிலைப்பாடு

சூரிய மின்தகடுகளுக்கான பாலிசிலிக்கானை இந்தியாவிலேயே தயாரிப்பதை ஆதரிக்கிறோம். மேட்டூரில் 1980களிலேயே சிறு அளவில் நடந்த தொழில்தான் இது. ஆனால், உடன்விளையும் சிலிக்கான் டெட்ராகுளோரைடை வளாகத்துக்குள்ளேயே மறுசுழற்சி செய்யாத எந்த ஆலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தரக் கூடாது.

சிலிக்கான் தூளுடன் ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்தால் டிரைகுளோரோசிலேன் கிடைக்கிறது. சுமார் 32 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் இதை வடித்துத் தூய்மையாக்கி, ஹைட்ரஜனோடு சுமார் 1,100 டிகிரியில் உள்ள தண்டுகள்மேல் செலுத்தினால் சிலிக்கான் படிகிறது. ஒரு டன் பாலிசிலிக்கானுக்குப் பல டன் டெட்ராகுளோரைடு உடன் வருகிறது. ஈரம் பட்டாலே அது அமிலப் புகையாகிறது. ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 850 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும்.

1974 ஏப்ரலில் சிகாகோவில் சிலிக்கான் டெட்ராகுளோரைடு சேமிப்புத் தொட்டி கசிந்து நகரின்மேல் அமிலப் புகை பரவியது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஆலைக் கழிவு கிராமத்து நிலத்தில் கொட்டப்படுவதை 2008இல் வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொணர்ந்தது. 2011இல் சீன அரசு 98.5 சதவீத மறுசுழற்சியைக் கட்டாயமாக்கியது.

வழி இல்லாமல் யாரும் கொட்டவில்லை. ஹைட்ரஜனுடனும் சிலிக்கான் தூளுடனும் சுமார் 500 டிகிரியில் வினைபுரியச் செய்தால் டெட்ராகுளோரைடு மீண்டும் டிரைகுளோரோசிலேன் ஆகிறது. ஒளியிழைக்கும் நுண்சிலிக்காவுக்கும் டெட்ராகுளோரைடு மூலப்பொருளாகிறது. முக்கியத் தடை, கருவிக்கான முதலீடுதான். ஆகவே இதை ஆலையின் விருப்பத்துக்கு விட முடியாது.

மறுசுழற்சி மட்டும் போதாது. ஜப்பானின் யொக்காய்ச்சியில் 2014 ஜனவரியில், துப்புரவுக்காகத் திறந்த வெப்பப் பரிமாற்றியில் தேங்கியிருந்த குளோரோசிலேன் படிவுகள் வெடித்து 5 பேர் இறந்தனர்.

எங்கள் கோரிக்கைகள்:

1. மறுசுழற்சிப் பிரிவு இயங்கிய பிறகே உற்பத்தி தொடங்க வேண்டும். அது நின்றால் உற்பத்தியும் நிற்க வேண்டும்.

2. குறைந்தது 98.5 சதவீத மறுசுழற்சி அனுமதியின் நிபந்தனையாக வேண்டும். டெட்ராகுளோரைடு இருப்புக்கு உச்சவரம்பு வேண்டும். மாதக் கணக்கு பொதுவில் வர வேண்டும்.

3. துப்புரவுக்கு எழுத்துபூர்வமான நடைமுறை வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதில் பயிற்சி தர வேண்டும்.

4. கசிவின்மேல் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது என்பது உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் சுற்றுவட்டார மக்களின் மொழியில் இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் ஏற்கும் ஆலையை வரவேற்போம். ஏற்காத ஆலையைப் பொது விசாரணையில் எதிர்ப்போம். அனுமதி வழங்குவதற்கு முன்பே இவற்றை நிபந்தனைகளாக எழுதுமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.